உஷார்! பழைய ப்ரொஜெக்டரை அகலத்திரைக்கு மாற்றப் போகிறீர்களா?

நிறுத்துங்கள்! முதலில் அந்த ரிமோட்டைக் கீழே வையுங்கள்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று டியூப், மூன்று லென்ஸோடு இருக்கிற பழைய சி.ஆர்.டி. ப்ரொஜெக்டர் உங்கள் வீட்டில் இருக்கிறதா? யாரோ மலிவாகக் கொடுத்தார்கள் என்று வாங்கி வைத்திருக்கிறீர்களா? ‘உயரத்தைக் குறைத்தால் அகலத்திரை ஆகிவிடும், அவ்வளவுதானே’ என்று நினைக்கிறீர்களா? அவ்வளவுதான் இல்லை. இதைப் படித்து முடித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். இந்தப் பெட்டியில் ஒரு தப்பு நடந்தால் அதைத் திருத்த முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏதோ ஒரு கம்பெனியின் கூட்ட அறையில் இருந்த 8 அங்குல டியூப் ப்ரொஜெக்டரை ஆசையாக வாங்கி வந்தார். டிவிடியைப் போட்டால், படத்தில் வருகிறவர்கள் எல்லாரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிந்தார்கள். காரணம் எளிது. அகலத்திரை டிவிடியில் 16:9 படத்தை 4:3 அளவுக்குள் பக்கவாட்டில் அமுக்கி வைத்திருப்பார்கள். ப்ரொஜெக்டரில் உயரத்தைக் கால் பங்கு குறைத்தால் முகங்கள் சரியாகிவிடும். அவரும் குறைத்தார். சரியானது.

அடுத்து மூன்று நிறங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்தும் வேலை. இதைத்தான் கன்வர்ஜென்ஸ் என்பார்கள். அதற்காகக் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட சோதனைப் படத்தைத் திரையில் விட்டார். அறையில் வெளிச்சம் இருந்ததால் கான்ட்ராஸ்ட்டை முழுதாக ஏற்றினார். பாதி வேலையில் சாப்பிடப் போனார். அசதியில் அப்படியே தூங்கிவிட்டார்.

காலையில் வந்து படத்தைப் போட்டால், கதாநாயகன் போட்டிருந்த வெள்ளைச் சட்டை மேல் ரோஸ் நிறத்தில் கட்டம் கட்டமாகக் கோடுகள்! பச்சை டியூப்பில் அந்தக் கோடுகள் விழுந்த இடமெல்லாம் ஒளிரும் பூச்சான பாஸ்பர் கருகிப் போயிருந்தது. பச்சை வராத இடத்தில் சிவப்பும் நீலமும் மட்டும் சேர்ந்து அந்த நிறத்தைக் காட்டின. துடைத்தால் போகாது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் மறையாது. டியூப்பையே மாற்ற வேண்டும். புது டியூப் தயாரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. பழைய மெஷின்களைப் பிரித்து விற்கிறவர்களிடம் தேடி அலைந்தார், பாவம்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் கருகுகிறது? உயரத்தைக் கால் பங்கு குறைத்தீர்கள் இல்லையா, எலக்ட்ரான் கற்றை குறையவில்லையே! முன்பு முழுப் பரப்பில் விழுந்த அதே கற்றை இப்போது முக்கால் பரப்பில் விழுகிறது. நாலு பேர் தூக்கிய பாரத்தை மூன்று பேர் தூக்குவது போலத்தான். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சுமை. அதன் மேல் அசையாத படம், அதன் மேல் முழு கான்ட்ராஸ்ட்! எந்த பாஸ்பர் தாங்கும்?

கான்ட்ராஸ்ட்டைக் குறைக்காமல் உயரத்தைத் தொடவே தொடாதீர்கள். அறையை இருட்டாக்குங்கள். கோடு கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். டெலிபோன் வந்தால், வாசலில் மணி அடித்தால், சோதனைப் படத்தை அணைத்துவிட்டு எழுந்திருங்கள். மெஷின் சூடேற அரை மணி நேரமாவது ஆகும், அதற்கு முன் கன்வர்ஜென்ஸ் செய்தால் எல்லாம் நகர்ந்துவிடும். சூடேறும் அந்த நேரத்துக்கும் கட்டத்தை விட்டு வைக்காதீர்கள், ஏதாவது ஓடுகிற படத்தைப் போடுங்கள்.

அடுத்து ஒரு பெரிய ஆசை வரும். உயரத்தைக் குறைத்ததும் படம் சின்னதாகிவிடும். புதிதாக வாங்கிய அகலத் திரையில் நாலு பக்கமும் காலியாகத் தெரியும். ‘அகலத்தையும் உயரத்தையும் கொஞ்சம் கூட்டினால் நிரம்பிவிடுமே’ என்று கை பரபரக்கும். கூட்டாதீர்கள்! டியூப்பின் முகத்தில் பாஸ்பர் பூசிய பரப்புக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டிக் கற்றை ஓரக் கண்ணாடியில் போய் அடித்தால் டியூப்பே கெட்டுப் போகும். கான்ட்ராஸ்ட்டை நன்றாகக் குறைத்துவிட்டு லென்ஸ் வழியே உள்ளே பாருங்கள். வெளிச்சச் செவ்வகத்தைச் சுற்றி நாலு பக்கமும் இருட்டு ஓரம் தெரிய வேண்டும். தெரியவில்லையா? உடனே சுருக்குங்கள். படம் பெரிதாக வேண்டுமானால் ப்ரொஜெக்டரைத்தான் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினால் லென்ஸ் ஃபோகஸையும், பக்கத்து டியூப்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கிற கோணத்தையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். ஒரு நாள் வேலை அது. அலுத்துக்கொண்டு குறுக்குவழி தேடாதீர்கள்.

4:3-க்கு ஒன்று, 16:9-க்கு ஒன்று என்று செட்டிங்குகளைத் தனித்தனி மெமரியில் சேமியுங்கள். பழைய எண்களைக் காகிதத்தில் எழுதி வைக்காமல் எதையும் மாற்றாதீர்கள். பிளேயரில் 1080ஐ, 720பி என்று கண்டபடி மாற்றிப் பார்ப்பதும் வேண்டாம். கோடு வரையும் வேகம் சாதாரண டிவிடி சிக்னலுக்கு 15.7 கிலோஹெர்ட்ஸ், 1080ஐ-க்கு 33.75, 720பி-க்கு 45. உங்கள் மெஷின் எதுவரை தாங்கும் என்று கையேட்டில் பார்த்த பிறகுதான் கேபிளைச் செருக வேண்டும்.

எதைக் கண்டால் பயப்பட வேண்டும்? படம் சட்டென்று சுருங்கி நடுவில் பளிச்சென்று ஒரே ஒரு கோடாக நிற்கிறதா? யோசிக்காதீர்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். முழுப் படத்தின் வெளிச்சமும் அந்த ஒரு கோட்டில் விழுகிறது, நொடிக்கணக்கில் டியூப் கருகிவிடும். ‘சடசட’ என்று சத்தமா? மின்பொறி பறந்தது போல் காட்டமான வாசனையா? அணையுங்கள். மெஷினை அணைத்த பிறகு டார்ச் அடித்து டியூப் முகத்தைப் பாருங்கள். பழுப்பாக ஒரு செவ்வகம் தெரிந்தால், விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, அது தேய்ந்த டியூப். அகலத்திரையாகவே ஓட்டித் தேய்ந்திருந்தால், 4:3 படம் போட்ட அன்று மேலும் கீழும் பளீரென்று இரண்டு பட்டை தெரியும்.

மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 30,000 வோல்ட் அளவுக்கு மின்சாரம். பிளக்கைப் பிடுங்கினாலும் போய்விடாது! டியூப்பிலும் கெப்பாசிட்டரிலும் தேங்கி நிற்கும். உயரமும் அகலமும் ரிமோட்டிலேயே மாற்றலாம். உள்ளே கை வைத்தே ஆக வேண்டிய பழைய மாடல் என்றால், அந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ‘நான் எலக்ட்ரிகல் படித்தவன்’ என்று வீம்பு வேண்டாம்.

கடைசியாக, வீட்டில் சின்னக் குழந்தையோ நாயோ இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலான மெஷின்களில் டியூப்புக்கும் லென்ஸுக்கும் நடுவே சூடு தணிக்க ஒரு திரவம் இருக்கும். எத்திலீன் கிளைகால் கலந்தது. இனிக்கும். அது விஷம். உள்ளே போனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையே வாங்கும். லென்ஸுக்குக் கீழே பிசுபிசுப்பு, திரவத்தில் புதிதாக ஒரு குமிழி, அளவு இறங்கியிருப்பது, இதில் எது தெரிந்தாலும் மெஷினை ஓட்டாதீர்கள். கசிவு சர்க்யூட் போர்டில் இறங்கினால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கவும் கூடும். குழந்தை நக்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி மயக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் 1-800-222-1222 என்ற விஷ உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். குழந்தை சோர்ந்து போயிருந்தால் அதுகூட வேண்டாம், நேரே 911.