ஹீத்கிளிஃபின் ஆயுதம்: காணி உறுதி

எமிலி புறொன்ரேயின் ‘வதறிங் ஹைற்ஸ்’ 1847இல் வெளிவந்த நாவல். காதல் கதை என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு அது பெரும்பாலும் ஒரு காணிக் கதை.

அநாதையாக அந்த வீட்டுக்கு வந்த ஹீத்கிளிஃப், கூடவே வளர்ந்த கத்தரினை நேசிக்கிறான். அவள் வசதியான எட்கார் லின்ரனை மணக்கச் சம்மதித்ததும் ஊரை விட்டுப் போனவன், மூன்று வருடங்களின் பின் பணத்தோடு திரும்புகிறான்.

பழி என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருபவள் மதுரையை எரித்த கண்ணகி. வைகாசியில் வாவிக்கரை ஊர்களில் குளிர்த்தி பாடி அவள் கோபத்தை ஆற்றுகிறோம். ஹீத்கிளிஃப் எதையும் எரிக்கவில்லை. தன்னை வேலைக்காரனாக்கிய, கத்தரினின் அண்ணன் ஹிண்ட்லிக்குச் சூதாடக் காசு கொடுத்தான். காணி முழுவதும் ஈட்டில் அவனிடம் வந்து சேர்ந்தது. பிறகு கத்தரினின் மகளை அடைத்துவைத்து, சாகக் கிடந்த தன் மகனுக்குக் கட்டிவைத்தான். மகளின் சொத்தைக் காப்பாற்ற எட்கார் உயிலை மாற்ற நினைத்தார். ஹீத்கிளிஃப் விலைக்கு வாங்கியிருந்த சட்டத்தரணி, அவர் கண்மூடும்வரை வரவேயில்லை.

இது பலித்ததற்குக் காரணம் அன்றைய ஆங்கிலச் சட்டம். மணமான பெண்ணின் பணமும் பொருளும் கணவனுக்கு. அவள் காணியை ஆள்வதும் அவனே. 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைப் பெரிதாக மாற்றியது.

மட்டக்களப்பில் அந்தச் சூது அவ்வளவு இலகுவாகப் பலித்திராது. இங்கே தாய்வழிக் குடிமுறை. வீடுவளவு மகளுக்குச் சீதனமாக எழுதப்படும். மருமகன்தான் வந்து குடியேறுவார். (மகள்மாருக்கு வீடு கட்டியே ஓய்ந்துபோன அப்பாமார் வேறு கதை சொல்வார்கள்.) ஆனால் அரச அனுமதிப்பத்திரக் காணிக்கு வேறு விதி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், வாரிசு நியமிக்கப்படாதபோது பிள்ளைகளில் ஆண்களையே முன்னே நிறுத்தியது. திருத்தம் வந்தது 2022இல். இடையில் ஒரு போரே நடந்து முடிந்துவிட்டது. காணாமலாக்கப்பட்ட கணவரின் பெயரிலுள்ள பத்திரத்தோடு பிரதேச செயலகத்தில் காத்துநிற்கும் பெண்களை நாங்கள் அறிவோம்.

நாவலில் என்னை உலுக்கியவன் ஹிண்ட்லியின் மகன் ஹெயர்ற்றன். அந்த வீட்டு வாசலுக்கு மேலே 1500 என்ற ஆண்டோடு அவனது பெயரே செதுக்கப்பட்டிருக்கிறது. முன்னோர் ஒருவரின் பெயர் அது. ஹீத்கிளிஃப் அவனைப் படிக்கவிடாமல் வளர்த்ததால், நெடுங்காலம் அதை அவனால் வாசிக்க முடியவில்லை. கடைசியில் கத்தரினின் மகள்தான் அவனைப் பக்கத்தில் இருத்தி எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த இருவரையும் அப்படிப் பார்த்தபின், மிச்சத்தையும் அழிக்க ஹீத்கிளிஃபுக்குக் கை எழவில்லை.