பாறை மேல் வீடு, அடியில் தண்ணீர்!

ஏற்காட்டில் மனை வாங்க வருகிற வெளியூர்க்காரர் முதலில் பார்ப்பது காட்சியைத்தான். ஜன்னலைத் திறந்தால் சேலம் நகரத்து விளக்குகள் தெரிய வேண்டும். காலையில் பள்ளத்தாக்கில் பனி மிதக்க வேண்டும். அடுத்து விலையைக் கேட்கிறார். பிறகு கார் போக வழி உண்டா என்று கேட்கிறார்.

காலுக்கு அடியில் இருக்கும் மண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "இது மலைதானே! எங்கே தோண்டினாலும் பாறை" என்று நினைத்துக் கொள்கிறார்கள்.

அந்த நினைப்பில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து இருக்கிறது.

கல்கத்தாவுக்குப் போன கல்

சேர்வராயன் மலை மிகப் பழைய, மிகக் கெட்டியான ஒரு கல்லால் ஆனது. அதற்குச் 'சார்னகைட்' என்று பெயர்.

இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தா நகரோடு சேர்த்துப் பேசப்படும் ஆங்கில வியாபாரி ஜாப் சார்னாக். அவருடைய கல்லறையின் மேல் கிடக்கும் கல், சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கல். 1893-ஆம் ஆண்டில் தாமஸ் ஹாலண்ட் என்ற நில ஆராய்ச்சியாளர் அந்தக் கல்லை ஆராய்ந்தார். இறந்தவர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். பல்லாவரம் குன்றும் இந்த வகைக் கல்தான். சேர்வராயன் மலையும் இந்த வகைக் கல்தான்.

இவ்வளவு உறுதியான பாறையின் மேல் கட்டுகிற வீட்டுக்கு என்ன குறை வரும்?

பாறைக்கும் வீட்டுக்கும் நடுவே மண் இருக்கிறது. அதுதான் குறை!

போலிப் பாறை

பாறையில் வெடிப்புகள் உண்டு. மழைத் தண்ணீர் அவற்றின் வழியே உள்ளே இறங்குகிறது. ஓராண்டு, ஈராண்டு அல்ல, லட்சக்கணக்கான ஆண்டுகள். தண்ணீர் படும் இடமெல்லாம் கல் உளுத்துச் செம்மண்ணாகிறது. காப்பிச் செடிக்குப் பிடித்த மண் இதுதான். மலையின் உச்சிகளில் இந்த வேலை இன்னும் அதிகமாக நடந்திருக்கிறது. கல்லில் இருந்த மற்றச் சத்துகளை மழை கழுவிக்கொண்டு போக, அலுமினியச் சத்து மட்டும் தங்கிப் பாக்சைட் ஆயிற்று. மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு 1960-களிலிருந்து வெட்டிக்கொண்டு போனது அதைத்தான்.

பாறை உளுக்கும்போது எல்லா இடமும் ஒரே மாதிரி உளுப்பதில்லை. மூலைகள் முதலில் கரைகின்றன. நடுப்பகுதி உருண்டைக் கல்லாக மிஞ்சுகிறது. கேசரியில் முந்திரிப் பருப்பு கிடப்பதுபோல, செம்மண்ணுக்குள் இந்த உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. சில கல் பானை அளவு. சில கல் லாரி அளவு!

கொத்தனார் வானம் தோண்டுகிறார். நாலடி ஆழத்தில் கடப்பாரை 'டங்' என்று மோதுகிறது. "பாறை வந்துவிட்டது, அஸ்திவாரம் போடலாம்" என்கிறார். வீட்டுக்காரருக்கும் செலவு குறைந்ததென்று சந்தோஷம்.

ஆனால் அது மலையோடு ஒட்டிய பாறைதானா? மண்ணில் மிதக்கும் உருண்டைக் கல்லாகவும் இருக்கலாம். வீட்டின் ஒரு மூலை அந்தக் கல்லின் மேல் நிற்கும். மற்ற மூன்று மூலைகளும் மண்ணின் மேல் நிற்கும். நாளாக ஆக மண் சற்றே அமுங்கும். கல் அமுங்காது. நடுவில் சுவர் வெடிக்கும்.

ஒரே இடத்தில் தோண்டிப் பார்த்து முடிவு செய்வதால் வரும் வினை இது. மனையின் நாலு பக்கமும் துளையிட்டு மண் பரிசோதனை செய்தால் உண்மை தெரிந்துவிடும். லட்சக்கணக்கில் செலவழித்து வீடு கட்டுகிறவர் இதற்கு மட்டும் கணக்குப் பார்ப்பது ஏனோ தெரியவில்லை!

சரிவில் இன்னொரு தவறும் நடக்கிறது. மேல் பக்கத்து மண்ணை வெட்டுகிறார்கள். அதையே கீழ்ப் பக்கத்தில் கொட்டிச் சமதளமாக்குகிறார்கள். பார்க்க ஒரே தரைதான். ஆனால் வெட்டிய பக்கம் மலையின் பழைய மண்; கொட்டிய பக்கம் நேற்று வந்த மண். இரண்டின் மேலும் காலை வைத்து நிற்கும் வீடு, முதல் பெருமழையிலேயே அந்தத் தையலில் பிரியத் தொடங்கும்.

தண்ணீர் என்ன செய்கிறது?

கடற்கரையில் குழந்தைகள் மணல் வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உலர்ந்த மணல் நிற்காது. கொஞ்சம் ஈரமான மணல் அழகாக நிற்கும். அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் உட்கார்ந்துவிடும்.

மலை மண்ணும் அப்படித்தான். மண்ணின் ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளின் மேல் சாய்ந்து பிடித்துக் கொண்டிருக்கிறது. இடுக்குகளில் காற்று இருக்கிறது. மழை பெய்தால் அந்த இடுக்குகளில் தண்ணீர் புகுகிறது. எல்லா இடுக்கும் நிரம்பிவிட்டால் தண்ணீர் துகள்களை விலக்கித் தள்ளுகிறது. பிடிப்பு போகிறது. அதே சமயம் மண்ணின் கனமும் கூடுகிறது. ஒரு கன அடித் தண்ணீரே 28 கிலோ!

கீழே இருக்கும் கெட்டிப் பாறைக்குள் தண்ணீர் எளிதில் இறங்குவதில்லை. வெடிப்பு இருந்தால்தான் உண்டு. ஆகவே மண்ணும் பாறையும் சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கி, சரிவு வழியே ஊர்கிறது. மேலே கனத்த மண். கீழே வழுக்கும் பாறை. மழைக்குப் பிறகு மலைச் சரிவுகளில் புதிது புதிதாக ஊற்றுகள் கிளம்புவது இதனால்தான்.

10 செண்ட் மனையில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 40 ஆயிரம் லிட்டர். பெரிய தண்ணீர் லாரி நாலு வந்து கொட்டினாற்போல! அது எங்கே போகும் என்று கேட்காமல் வீட்டுப் படம் வரையக் கூடாது.

ஏற்காட்டில் சித்திரை, வைகாசியில் தொடங்கும் மழை கார்த்திகை வரை விட்டுவிட்டுப் பெய்யும். வருஷக் கடைசியில் மண் ஏற்கனவே தண்ணீர் குடித்து நிற்கும். அப்போது புயல் வந்தால்?

2024-இல் வந்தது. நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. உள் மாவட்டங்களில் பேய் மழை. ஏற்காடு மலைப்பாதையில் பல இடங்களில் மண்ணும் பாறையும் சரிந்தன. 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாகச் சுற்றிப் போக வேண்டி வந்தது.

ஏற்காட்டில் சாலைதான் போயிற்று. திருவண்ணாமலையில் உயிர்களே போயின. டிசம்பர் 1-ஆம் தேதி மாலை, மலை அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் மண்ணும் உருண்டைப் பாறைகளும் வந்து விழுந்தன. 7 பேர் புதைந்து இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். 2009 நவம்பரில் நீலகிரிச் சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததும் இப்படி ஒரு பெருமழையில்தான்.

சாய்ந்த கோபுரத்துக்கும் வடிகால்!

தண்ணீரின் இந்தக் குறும்பு மலைக்கு மட்டும் உரியதல்ல. இத்தாலியில் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரம் சமவெளியில்தான் நிற்கிறது. 1173-இல் கட்டத் தொடங்கினார்கள். அடியில் மெத்தென்ற களிமண். மூன்று மாடி எழும்பியதுமே கோபுரம் சாயத் தொடங்கியது. எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு நிபுணர்கள் ஆராய்ந்தபோது, மழைக்காலத்தில் ஒரு பக்கம் நிலத்தடி நீர் மேலேறுவதும் சாய்வைக் கூட்டுகிறது என்று கண்டார்கள். உயர்ந்த பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கோபுரத்தை ஓரளவு நிமிர்த்தினார்கள். பிறகு அந்தத் தண்ணீருக்கு வடிகாலும் போட்டார்கள்.

சுவருக்குக் கண்

ஏற்காட்டில் வீடு கட்டுகிறவர்களுக்கும் அந்த வடிகால்தான் முக்கியம். வீட்டின் மேல் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, வரும் தண்ணீரை வீட்டைச் சுற்றி ஓடைக்கு அனுப்ப வேண்டும். கூரைத் தண்ணீரைக் குழாயில் இறக்க வேண்டும். செப்டிக் டேங்க் தண்ணீரைச் சரிவின் தலையில் குழி வெட்டி விடுவது, மழையே இல்லாத நாளிலும் மண்ணை நனைத்துக் கொண்டிருக்கும் காரியம்.

பிறகு தடுப்புச் சுவர். பலர் சிமெண்ட் பூசி, ஒரு சொட்டும் கசியாமல் கட்டுகிறார்கள். அது பலம் என்று எண்ணம். உண்மையில் அந்தச் சுவர் ஓர் அணை ஆகிவிடுகிறது! பின்னால் தண்ணீர் நிரம்பினால், 10 அடி உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் தண்ணீர் மட்டுமே சுமார் 4½ டன் அளவுக்குத் தள்ளும். மண் தள்ளுவது தனி. ஆகவே சுவரில் வரிசையாகத் துளைகள் விட வேண்டும். பின்பக்கம் ஜல்லி நிரப்ப வேண்டும். மழை நாளில் அந்தத் துளைகளில் தண்ணீர் வடிந்தால் சுவர் நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். அசிங்கமாக இருக்கிறதென்று அவற்றைச் சிமெண்டால் அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள்!

மலை நகரப் போகிறதென்றால் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுக்கும். நேற்றுவரை சரியாகச் சாத்திய கதவு இன்று நிலையில் இடிக்கும். சரிவின் மேல் தரையில் வளைவாக ஒரு வெடிப்பு ஓடும். தடுப்புச் சுவர் வயிறு தள்ளும். மரங்கள் ஒரே பக்கமாகச் சாயும். எல்லாவற்றையும்விட முக்கியம், தெளிவாக வந்துகொண்டிருந்த ஊற்று திடீரென்று கலங்கலாக வருவது. உள்ளே மண் கரைகிறது என்பதற்கு அது அடையாளம். கொட்டும் மழையில் இவற்றைக் கண்டால் பூச்சுவேலைக்கு ஆள் தேடக் கூடாது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும்.

மழை இல்லாத நாளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஐப்பசிக்கு முன்னால் ஒரு நீளக் கம்பியை எடுத்து, தடுப்புச் சுவரின் ஒவ்வொரு துளையிலும் விட்டுக் குத்திப் பார்க்கலாம். வேரும் சேறும் அடைத்திருந்தால் வெளியே வரும். அரைமணி நேர வேலைதான்.