டிராக்டரில் செய்யும் மாற்றமும் இன்ஷூரன்ஸ் பிரிமியமும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் புது டிராக்டர் வாங்கும் விவசாயிகள் பலர், முதல் பட்டம் முடிவதற்குள் அதை வெல்டிங் பட்டறைக்கு ஓட்டிச் செல்கிறார்கள். கம்பெனியில் இருந்து வந்த நிலையில் வண்டி அவர்களுக்குப் போதுவதில்லை. வெயிலுக்கு மேற்கூரை, இரவு உழவுக்குக் கூடுதல் விளக்கு, கூலியாட்கள் உட்கார மட்கார்டின் மேல் இரும்புத் தகடு, வைக்கோலும் கரும்பும் அதிகமாக ஏற்ற டிரெய்லருக்கு உயரமான பக்கப் பலகை என்று ஒவ்வொன்றாகச் சேரும். சிலர் முன்பக்கம் மண் அள்ளும் கருவியும் பொருத்திக்கொள்கிறார்கள்.

பட்டறைக்குக் கொடுத்த கூலி குறிப்பு நோட்டில் ஏறுகிறது. இந்த மாற்றங்களால் இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு என்ன நேர்கிறது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. முறையாகத் தெரிவித்தால் பெரும்பாலான மாற்றங்களுக்கு ஆகும் கூடுதல் பிரிமியம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். தெரிவிக்காமல் விட்டால், விபத்து நடந்த அன்று பல லட்ச ரூபாய் சொந்தக் கையிலிருந்து போகக்கூடும்.

பிரிமியம் போடும் முறை

மோட்டார் பாலிசியில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிர்ச்சேதம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கான மூன்றாம் நபர் காப்பீடு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதற்கான பிரிமியத்தை அரசே நிர்ணயிக்கிறது. மற்றொன்று, நம் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு. வண்டியில் செய்யும் மாற்றங்களால் பிரிமியம் கூடுவதும் குறைவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது பகுதியில்தான்.

இரண்டாவது பகுதிக்கு அடிப்படை, வண்டியின் காப்பீட்டு மதிப்பு. ஐ.டி.வி. என்று ஏஜெண்டுகள் சொல்வது இதைத்தான். உற்பத்தியாளர் அறிவித்த விலையில் தேய்மானம் கழித்து இது கணக்கிடப்படுகிறது. ஓராண்டுக்கு மேல் 2 ஆண்டு வரை 20 சதவீதமும், 2 ஆண்டுக்கு மேல் 3 ஆண்டு வரை 30 சதவீதமும், 4 ஆண்டுக்கு மேல் 5 ஆண்டு வரை 50 சதவீதமும் கழிப்பார்கள். ரூ.8 லட்சத்துக்கு வாங்கிய டிராக்டர் மூன்றாம் ஆண்டில் ரூ.5 லட்சத்து 60 ஆயிரமாகக் கணக்கில் வரும்.

உற்பத்தியாளர் அறிவித்த விலையில், நாம் பிறகு பொருத்திய மேற்கூரையோ விளக்கோ பாட்டுப் பெட்டியோ அடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனியாக மதிப்பு எழுதிச் சேர்க்காத வரையில், இன்ஷூரன்ஸ் கம்பெனியைப் பொறுத்தமட்டில் அந்தப் பொருட்கள் வண்டியிலேயே இல்லை. அவை உடைந்தாலும் திருடு போனாலும் ஒரு பைசா கிடைக்காது.

சேர்ப்பதற்கு ஆகும் செலவு என்ன? 2002-ம் ஆண்டு மோட்டார் கட்டண விதிகளின்படி, பிறகு பொருத்திய மின்சாதனங்களுக்கு அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரிமியம். ரூ.20 ஆயிரம் மதிப்புள்ள விளக்குகளுக்கும் பாட்டுப் பெட்டிக்கும் ஆண்டுக்கு ரூ.800 ஆகும். காரில் கேஸ் கிட் பொருத்தினால் கிட்டின் மதிப்பில் 4 சதவீதமும், மூன்றாம் நபர் பகுதியில் ரூ.60-ம் கூடுதல். ரூ.50 ஆயிரம் கிட்டுக்கு மொத்தம் ரூ.2,060. சொந்தச் சேதப் பகுதிக்கான கட்டணக் கட்டுப்பாடு 2007 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டதால், இன்று இந்த விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம். இரண்டு மூன்று இடங்களில் விசாரித்துக் கட்டுவது நல்லது.

டிராக்டர் வைத்திருப்போர் அறியவேண்டிய மற்றொரு விஷயமும் உண்டு. வர்த்தக வாகனங்களுக்கும் டிராக்டர் போன்றவற்றுக்கும் கொடுக்கப்படும் சாதாரண பாலிசியில் விளக்கு, டயர், டியூப், மட்கார்டு, பம்பர், பெயிண்ட் ஆகியவற்றின் சேதம் சேராது. வண்டி முழுவதும் அழிந்தால்தான் அவை கணக்கில் வரும். 2002-ம் ஆண்டு விதிகளில், சொந்தச் சேதப் பிரிமியத்தில் 15 சதவீதம் கூடுதலாகக் கட்டி இவற்றையும் சேர்த்துக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். மட்கார்டு மேல் தகடு அடித்து ஆள் ஏற்றுபவருக்கு, அந்த மட்கார்டே பாலிசியில் இல்லை என்பது தெரிவதில்லை.

சட்டம் சொல்வது

எல்லா மாற்றத்தையும் கூடுதல் பிரிமியம் கட்டிச் சரிசெய்துவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி. புத்தகத்தில் கண்டதற்கும் முரணாக வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று தண்டனை விதிக்கப்பட்டுள்ளது. கார், ஜீப்புகளின் முன்பக்கம் இரும்புக் கம்பித் தடுப்பு வைப்பதற்கு எதிராக 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது.

இந்தக் கண்டிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்திலேயே மோட்டார் வாகனங்களைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையம் இயங்குகிறது. டிராக்டர்களைச் சோதிக்கும் நிலையம் மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் உள்ளது. எடை எங்கே விழுகிறது, பிரேக் எவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறது என்றெல்லாம் அளந்த பிறகே ஒரு மாடல் விற்பனைக்கு வருகிறது. பக்கப் பலகையை 2 அடி உயர்த்திப் பாரம் ஏற்றினால் ஈர்ப்பு மையம் மேலே போகிறது. ஏரிக்கரை வளைவில் டிரெய்லர் சாயும். பின்னால் இழுவை அளவு மீறினால் டிராக்டரின் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பி ஸ்டியரிங் பிடிக்காது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கூடுதல் பிரிமியம் கேட்பதற்கும் சில சமயம் மறுப்பதற்கும் காரணம் இதுவே.

சேறடிக்கப் பூட்டும் கேஜ் வீல் கழற்றி மாட்டக்கூடிய கருவி. வயலில் வேலை செய்யும் வரை அதில் குற்றமில்லை. அதைக் கழற்ற அரைமணி நேரம் ஆகிறது என்று அப்படியே தார்ச் சாலையில் ஓட்டி வருவது, ரோட்டையும் கெடுத்து, விபத்து நடந்தால் வழக்கையும் கெடுக்கும். முன்பக்கம் அள்ளும் கருவி பொருத்தியவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மண் அள்ளும் எந்திரம், கிரேன் போன்றவை வேலை செய்துகொண்டிருக்கும்போது கவிழ்ந்தால் அதற்குத் தனியாகப் பிரிமியம் கட்டியிருக்க வேண்டும் என்று பாலிசியில் நிபந்தனை உண்டு.

உபயோகம் மாறினால்

இரும்பை மாற்றுவதைவிட உபயோகத்தை மாற்றுவதே அதிக ஆபத்தானது. டிராக்டர் பாலிசி பொதுவாக விவசாய உபயோகத்துக்காகக் கொடுக்கப்படுகிறது. டிராக்டர் விவசாயத்துக்கானது என்றால், வேறுவிதமாகப் பதிவு செய்யப்படாத வரை அதில் பூட்டும் டிரெய்லரும் விவசாயத்துக்கே என்று சின்னம்மா வழக்கில் 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. பிரிஜ் மோகன் வழக்கு இன்னும் தெளிவானது. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிச் சென்ற டிராக்டர் டிரெய்லரில் இருந்து விழுந்து ஒரு தொழிலாளி காயமடைந்தார். விவசாயத்துக்கு மட்டும் இன்ஷூர் செய்த வண்டி என்பதால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று 2007-ல் கோர்ட்டு கண்டது. தொழிலாளியின் ஏழ்மையைக் கருதி, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தன் சிறப்பு அதிகாரத்தைக் கொண்டு உத்தரவிட்டது. பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைத்தது; டிராக்டர்காரரின் தலையில் கடன் ஏறியது.

ஏரி வண்டல் எடுக்கும் காலத்தில் இதை மறக்கக்கூடாது. உரிய அனுமதியுடன் எடுத்த வண்டலைச் சொந்த நிலத்துக்கு அடிப்பது விவசாய வேலை. அதே டிராக்டர், அதே டிரெய்லர், அதே மண் சூளைக்குப் போனால் பாலிசி கூட வராது. டிரெய்லரில் பெஞ்சு போட்டுத் தார்ப்பாய் கட்டி, வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்கு ஊரை அழைத்து வருவதும் அப்படித்தான். டிராக்டரில் டிரைவருக்கு மட்டுமே இடம். மட்கார்டிலும் டிரெய்லரிலும் உட்கார்ந்து வருபவர்கள் பாலிசிக் கணக்கில் வரமாட்டார்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவும், பாலிசியில் தனிக் குறிப்பும் வேண்டும். டிராக்டருக்கு மட்டும் கட்டிவிட்டு டிரெய்லரை விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

காருக்கும் இதே விதிதான்

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாராகிறது. இப்போது கிராமங்களிலும் கார் சகஜம். பின் சீட்டைக் கழற்றிவிட்டு பால் கேன், காய்கறி மூட்டை, கடைக்குக் கொடுக்கும் பட்டுச் சேலைக் கட்டு ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். சொந்த உபயோகக் கார் என்று இன்ஷூர் செய்து வாடகைக்கும் வியாபாரத்துக்கும் ஓட்டினால், சேதத் தொகை மறுக்கப்படலாம், அல்லது குறைக்கப்படலாம். டாக்சியாக ஓட்டிய தனியார் வண்டி திருடு போன ஒரு வழக்கில், 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு 75 சதவீதம் கொடுக்கச் சொன்னது. எல்லோருக்கும் அது கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

எஞ்சினை மாற்றினால் மூன்றாம் நபர் பிரிமியமே வேறு படிக்குப் போய்விடும். 2022 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 சி.சி. வரையிலான தனியார் காருக்கு ரூ.2,094, 1,500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897.

பிரிமியம் குறையும் மாற்றங்களும் உண்டு. உடல் ஊனமுற்றோருக்காகக் கையால் இயக்கும்படி அமைத்து, அப்படியே ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்த வண்டிக்கு, 2002-ம் ஆண்டு விதிகளில் சொந்தச் சேதப் பிரிமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி. அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவிக்கு இரண்டரை சதவீதம், ரூ.500-க்கு மிகாமல். அறுவடையில் கை இழந்தவர்களும் காலில் ஊனமுள்ளவர்களும் உள்ள விவசாயக் குடும்பங்களில் முதல் சலுகை பற்றி அறிந்தவர்கள் மிகக் குறைவு. ஏஜெண்டுகளும் தாமாகச் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது

பட்டறைக்குப் போவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட மாற்றமானால் அதை ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றிக்கொண்டு, அதன் நகலுடன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டும். பாலிசி நடுவில் இருந்தாலும் கம்பெனி கூடுதல் பிரிமியம் பெற்றுக்கொண்டு எண்டார்ஸ்மெண்ட் சீட்டுக் கொடுக்கும். ஏஜெண்டிடம் வாயால் சொன்னது விபத்துக்குப் பிறகு உதவாது. பழைய டிராக்டர் வாங்குபவர், முந்தைய சொந்தக்காரர் செய்த மாற்றங்களையும் ஆர்.சி. புத்தகத்துடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். சேதம் பார்க்க வரும் சர்வேயர் அதையேதான் முதலில் செய்வார்.

மாற்றத்துக்கும் விபத்துக்கும் சம்பந்தமே இல்லாதபோது கம்பெனி தொகையை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். உதாரணமாக, மேற்கூரை போட்டதற்காக, நிறுத்தி வைத்த டிராக்டர் மீது லாரி மோதிய சேதத்தை மறுப்பது சரியல்ல. மறுப்புக் கடிதம் வந்தாலும், ஒரு மாதம் வரை பதிலே வராவிட்டாலும், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தில் ஓராண்டுக்குள் புகார் செய்யலாம். தனிநபர்களின் ரூ.50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அங்கே கட்டணமில்லாமல் விசாரிக்கிறார்கள். வக்கீல் தேவையில்லை. புகாருடன் பாலிசி, ஆர்.சி. புத்தகம், எண்டார்ஸ்மெண்ட் சீட்டு, பட்டறை ரசீது, மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைக்க வேண்டும். அசலை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம்.