கைக்குழந்தையோடு கப்பல் ஏறலாமா?

தாய்மார்களே! 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலைப் பற்றி உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். இடுப்புப் பிள்ளையோடு தளத்தில் பாய் விரித்துப் படுத்து, நாகப்பட்டினத்திலிருந்து போர்ட் சுவெட்டன்ஹாம் வந்து இறங்கியவர்களின் கதை சொல்வார். அது பிழைப்புக்காக வந்த பயணம். 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய அந்தத் துறைமுகத்துக்கு இன்று உல்லாசக் கப்பல்கள் வந்து போகின்றன. விடுமுறைக்கு நீங்களும் போகலாம். ஆனால், முதலில் குழந்தையின் வயதைப் பாருங்கள்.

ஆறு மாதம் நிரம்பாத குழந்தையைப் பல கப்பல்களில் ஏற்றமாட்டார்கள். நெடுங்கடல் பயணமென்றால் ஒரு வயதாவது ஆகவேண்டும் என்பார்கள். காரணம் என்ன? கப்பலில் டாக்டர் இருப்பார். பெரிய ஆஸ்பத்திரி இராது. ஆகவே, பணம் கட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும்.

பால்மாவு, பேம்பர்ஸ், காய்ச்சல் மருந்து, உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஆகியவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். பேம்பர்ஸ் கட்டிய பிள்ளையைப் பொதுக் குளத்தில் விடமாட்டார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், மற்றப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு தொற்றக்கூடும். குமட்டல் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்ட குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லையா? அழுதும் கண்ணீர் வரவில்லையா? விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே கப்பல் டாக்டரின் கதவைத் தட்டுங்கள்.