விக்டோரியா ஏரி: பகலில் கரைமழை, இரவில் ஏரியிடி

உகாண்டா, தான்சானியா, கென்யா ஆகிய மூன்று நாடுகளும் பகிர்ந்துகொள்ளும் விக்டோரியா, ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய ஏரி. பரப்பு ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர். நிலம் விரைவில் சூடேறி விரைவில் ஆறும். நீர் இரண்டிலும் மெதுவானது. இந்த வேறுபாடே இங்கு காற்றின் திசையை நாள்தோறும் இருமுறை மாற்றுகிறது.

பகல்: ஏரியிலிருந்து கரைக்குக் காற்று வீசுகிறது. ஈரம் சுமந்த அக்காற்று கிழக்கே கென்ய மேட்டுநிலச் சரிவில் ஏறிக் குளிர்ந்து, பிற்பகலில் இடிமழையாகிறது. கெரிச்சோ தேயிலைத் தோட்டங்களில் ஆலங்கட்டியும் விழும்.

இரவு: குளிர்ந்த நிலக்காற்று கரைகளிலிருந்து ஏரிக்குள் பாய்கிறது. வெதுவெதுப்பான நீரின்மேல் காற்றோட்டங்கள் சந்தித்து மேலெழுவதால், விடியும்வரை இடிமேகங்கள் திரள்கின்றன.

விளக்கு வெளிச்சத்தில் டகா என்னும் சிறுமீன் பிடிக்கும் மீனவர்கள் படகில் இருப்பதும் அதே நேரத்தில்தான். அவர்களுக்கு இரவு வானிலை எச்சரிக்கை உயிர்காக்கும் செய்தி.