சாந்துக் கணக்கு

ஒன்றும் ஐந்தும் ஆறென்பது எண்கணிதம். ஆயினும், ஒரு பெட்டி சீமெந்தையும் ஐந்து பெட்டி மணலையும் நீர்விட்டுக் குழைத்தால் ஆறு பெட்டி சாந்து கிடைப்பதில்லை. ஐந்து பெட்டிக்கும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

இஃது எங்ஙனம்? மணற்குவியல் செறிந்த பொருளாகத் தோன்றினும், அதன் கனவளவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மணிகளுக்கிடையேயுள்ள வெற்றிடமே. சீமெந்தும் நீரும் சேர்ந்த குழம்பு அவ்வெற்றிடத்திற் புகுந்து அடங்கிவிடுகின்றது. ஆதலின், வேண்டிய சாந்தின் கனவளவை 1.3 ஆற் பெருக்கி, வருந் தொகையை விகிதப்படி பங்கிடுதல் கட்டடக் கணக்கிற் பொதுவழக்கு.

20 அடி நீளமும் 10 அடி உயரமுமுள்ள சுவரொன்றின் ஒரு பக்கத்துக்கு அரை அங்குலத் தடிப்பிற் பூச்சிடுவதாகக் கொள்வோம். பரப்பு 200 சதுர அடி. அரை அங்குலம் அடியின் 24 இல் ஒரு பங்காதலால் சாந்து 8.33 கன அடியாகும். சுவரின் மேடுபள்ளத்துக்கும் சிந்துவதற்குமாக ஐந்திலொரு பங்கு கூட்ட 10 கன அடி, 1.3 ஆற் பெருக்க 13 கன அடி. 1:5 விகிதத்தில் இதனை ஆறு பங்கிட்டால் சீமெந்து 2.17 கன அடி, மணல் 10.83 கன அடி. 50 கிலோகிராம் பையொன்று ஏறக்குறைய 1.23 கன அடி கொள்ளும். எனவே 1.8 பை வேண்டும். இரண்டு பையாக வாங்குதலே தகும். 8.33 ஐ நேரே ஆறாக வகுத்தவரோ ஒரு பையும் சிறிதும் போதுமென்றெண்ணி, மூன்றிலிரண்டு பங்கு பூசியதும் கடைக்கு ஆளனுப்ப நேரும்.

இதுவரை சொல்லியது உலர்ந்த மணலின் கணக்கு. வேலைத்தலத்துக்கு வரும் மணலோ பெரும்பாலும் ஈரமானது. சிறிதளவு நீர் சேர்ந்ததும் ஒவ்வொரு மணியையும் மெல்லிய நீர்ப்படலம் சூழ, பரப்பிழுவிசையால் மணிகள் நெருங்கிப் படியாது விலகி நிற்கும். நிறையில் நூற்றுக்கு 5 பங்களவான ஈரம் மணலின் கனவளவை நூற்றுக்கு 25 வரை பெருக்கவல்லது. நொய்ம்மணலில் இப்பெருக்கம் இன்னும் மிகும். வியப்பு யாதெனில், நீரில் முற்றாக மூழ்கிய மணல் பழைய அளவுக்கே மீண்டுவிடுகின்றது.

இவ்வியல்பே சோதனைக்கும் வழிகாட்டும். நேர்ப்பக்கங்களுள்ள பாத்திரமொன்றில் ஈரமணலை அமுக்காது 10 அங்குலம் நிரப்புக. பின் அதனை வெளியே கொட்டி, பாத்திரத்தில் அரைவாசி நீர்விட்டு, அதே மணலைச் சிறிது சிறிதாக இட்டுக் கிளறுக. படிந்த மணல் 8 அங்குலமாயின், பெருக்கம் எட்டுக்கு இரண்டு, அஃதாவது நூற்றுக்கு 25. மேற்கூறிய சுவருக்கு அம்மணலை 10.83 அன்று, 13.5 கன அடி அளத்தல் வேண்டும்.

இலங்கையில் மணல் ‘கியூப்’ எனும் 100 கன அடிக் கணக்கில் விலைப்படுவது. இத்தகைய ஈரமணலை ஒரு கியூப் வாங்கியவர் வீட்டுக்குக் கொணர்வது உண்மையில் 80 கன அடியே. வற்றாத ஆறொன்றில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டார்க்கு இது சிறிய இழப்பன்று.

பணத்தொடு கேடு நிற்பதுமில்லை. ஐந்து பெட்டியென அளந்த அம்மணல் நான்கு பெட்டியே ஆதலின், 1:5 என எண்ணிய சாந்து 1:4 ஆகிவிடும். சீமெந்து மிகுந்தால் உறுதியும் மிகும் என்பார் பலர்; ஆயின் மிகையான சீமெந்துள்ள பூச்சு உலருங்கால் கூடுதலாகச் சுருங்கி மயிர்வெடிப்புக் காட்டும். குவியலின் மேற்புறம் வெயிலில் உலர்ந்தும் உட்புறம் ஈரமாயும் இருக்குமிடத்து, காலையிற் குழைத்த சாந்தும் மாலையிற் குழைத்த சாந்தும் ஒரே பெட்டியால் அளந்தவையாயினும் ஒரே விகிதத்தனவல்ல.