அஞ்சி ஒடுங்கும் பூனைக்கு ஒரு பொறுமையான இல்லம்

வாயில்லா ஜீவன்களுக்கான காப்பகம் ஒன்றினுள் நுழைவோர், அங்குள்ள பூனைகளில் எதனை விரும்பி ஏற்கின்றனர்? கம்பியருகே ஓடிவந்து உராய்ந்து நிற்கும் பூனையையும், துள்ளி விளையாடும் குட்டியையுமே ஏற்கின்றனர். கூண்டின் கடைக்கோடியில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, உடலைச் சுருக்கி, அசைவற்றுக் கிடக்கும் பூனையை எவரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. ‘இது பழகாத பூனை’ என்று கூறி நகர்ந்துவிடுகின்றனர்.

அது முரட்டுத்தனமன்று, அச்சம். அச்சத்திற்கு மருந்து ஒன்றே ஒன்றுதான். அதுவே பொறுமை.

அச்சம் ஏன்?

பிறந்த 2ஆம் வாரம் முதல் 7ஆம் வாரம் வரையுள்ள காலத்திலேயே பூனைக்குட்டி மனிதரோடு பழகக் கற்கிறது என்பது விலங்கியலார் கண்ட உண்மை. அந்நாட்களில் அன்பான கரம் படாத குட்டி, வளர்ந்த பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சுவது இயல்பு. வீட்டிலேயே வளர்ந்த பூனையும் காப்பகம் புகுந்ததும் ஒடுங்கிப் போவதுண்டு. தன் உடல்வாசனை படிந்த திண்ணையும் படிக்கட்டும் பறிபோய், நாய்களின் குரைப்பும் அயலார் வாசனையும் சூழும்போது அது நிலைகுலைகிறது, உண்ண மறுக்கிறது. தொடர்ந்து சில நாட்கள் உண்ணாதிருந்தால் கல்லீரல் கெட்டு அதன் உயிருக்கே ஆபத்து நேரும்.

இவ்வச்சத்தின் உச்சத்தைச் சிரியா நாட்டின் அலெப்போ நகரம் கண்டது. அங்கு உள்நாட்டுப் போர் மூண்டபோது, மின்பணியாளரான அலா அல்ஜலீல் என்பவர் ஆம்புலன்ஸ் ஓட்டிக் காயமுற்றோரைக் காக்கும் தொண்டில் இறங்கினார். ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் விட்டுச்சென்ற பூனைகளுக்கும் அவர் உணவளித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பூனைகளுக்குக் காப்பகமே அமைத்தார். 2016-ல் அக்காப்பகம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. அவர் தளரவில்லை. 2017-ல் அலெப்போவுக்கு மேற்கே கஃபர் நாஹா என்னும் ஊரில் மீண்டும் ஒன்றைத் தொடங்கினார். மனிதரைக் காக்க ஓடிய கால்களுக்குப் பூனையைக் காக்கவும் நேரமிருந்தது!

இரு குற்றங்கள்

பூனையொன்றை அடைத்துவைத்துச் சாகடித்த பெண்மணி அதன் பொருட்டே நரகம் புகுந்த செய்தியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாக அறிவித்துள்ளார்கள். ஸஹீஹ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை நாம் பலமுறை செவிமடுத்திருக்கிறோம். ஆயினும் அதில் கூறப்பட்ட குற்றங்கள் இரண்டு என்பதைக் கவனித்தோமா? அவள் அதற்கு உணவும் நீரும் அளிக்கவில்லை என்பது ஒன்று. தானே இரைதேடித் தின்ன அதனை விட்டுவிடவுமில்லை என்பது மற்றொன்று.

ஆகவே, பூனைக்கு இல்லம் தேடுவோர் உணவை மட்டும் எண்ணினால் போதாது. அதன் விருப்பத்திற்கு விடப்பட்ட இடம் அங்கு உண்டா என்றும் எண்ண வேண்டும். பயந்த பூனையைக் கட்டிலின் அடியிலிருந்து இழுத்து, மடியில் அழுத்திவைத்துக் கொஞ்சுவது அன்பைப் போலத் தோன்றலாம்; பூனைக்கோ அதுவும் ஒரு சிறையே.

எத்தகைய இல்லம்?

மாடமாளிகை வேண்டியதில்லை. அமைதியான ஓர் அறை போதும். துரத்தும் நாயும், வாலைப் பற்றியிழுக்கும் பச்சிளம் பாலகரும் இல்லாதிருப்பது நலம். வீட்டார் அனைவரும் மனமொப்பியிருத்தல் வேண்டும். ஒருவர் விரும்பி மற்றவர் சலித்துக்கொள்ளும் வீட்டில், பத்தே நாட்களில் பூனை காப்பகத்திற்குத் திரும்பி வந்துவிடும். ஒருமுறை இடமிழந்த ஜீவனுக்கு மறுமுறையும் இடமிழப்பது எத்துணைக் கொடுமை!

ஒப்படைப்போருக்கும் ஒரு கடமை உண்டு. கடைத்தெருவில் தானியக் குவியலினுள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்ட அண்ணலார் (ஸல்) அவர்கள், அதனை மக்கள் காணும்படி மேலே வைக்காததைக் கண்டித்தார்கள். பூனையைக் கொடுக்கும் இடத்திலும் இவ்வொழுக்கமே வேண்டும். ‘இது பல வாரங்கள் ஒளிந்தே இருக்கலாம், கை நீட்டினால் சீறலாம், மாதங்கள் கழித்தும் மடியில் ஏறாதிருக்கலாம்’ என்று உள்ளதை உள்ளபடி உரைக்க வேண்டும். அதனைக் கேட்ட பின்னரும் ‘பரவாயில்லை’ என்று சொல்பவரே நாம் தேடும் மனிதர்.

பழக்கும் முறை

வீடு வந்த பூனையை ஓர் அறையில் மட்டும் விடுங்கள். அது புகுந்து மறைய ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, வாசல் அமைத்து வையுங்கள். உணவும் நீரும் ஒருபுறம், மண் நிரப்பிய தட்டு மறுபுறம் இருக்கட்டும். சன்னல்களை வலையிட்டு அடையுங்கள். நெதர்லாந்து காப்பகம் ஒன்றில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஒளியப் பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றைக் காட்டிலும் விரைவில் அமைதியடைந்தன. ஒளிய இடமளிப்பதே வெளிவரச் செய்யும் வழி!

பின்னர் நாள்தோறும் ஒரு குறித்த நேரத்தில் அவ்வறையில் தரையில் அமருங்கள். பூனையை உற்றுநோக்காதீர்கள், கை நீட்டாதீர்கள். மெல்லிய குரலில் ஓதலாம், ஏதேனும் படிக்கலாம். அதன் பார்வை உங்கள் மீது விழும்போது கண்களை மெதுவாக மூடித் திறவுங்கள். அவ்வாறு செய்த அந்நியரைப் பூனைகள் கூடுதலாக நெருங்குவதை இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் கண்டறிந்தனர். முழுதும் ஒரு நாள் உண்ணாதிருந்தால் மட்டும் தாமதியாது கால்நடை மருத்துவரை நாடுங்கள்.

முதல் நாட்கள் ஒளிவதில் கழியும். சில வாரங்களில் இரவில் வெளிவந்து உலவும். வீடு தன்னுடையதே என்று உணர மாதங்கள் ஆகலாம். ஒருமுறை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அடங்காத ஒட்டகத்தின் மீதேறி அதனை முன்னும் பின்னும் விரட்டியபோது, நளினத்தைக் கடைப்பிடிக்குமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஒட்டகத்திற்கு உரைத்தது பூனைக்கும் உரியதே.

சுற்றிவரும் உறவு

அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய மருமகள் நீர் வைத்திருந்தபோது பூனையொன்று வந்தது. அது குடிப்பதற்காக அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகளிடம், பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றிவருபவற்றில் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

சுற்றிவருவது என்பது கட்டாயத்தால் நிகழ்வதன்று. அது தானே விரும்பி வருவது. அந்த ஸஹாபி பூனையைப் பிடித்திழுத்து நீர் புகட்டவில்லை. பாத்திரத்தைச் சாய்த்துக் காத்திருந்தார்கள். நாமும் அவ்வாறே காத்திருப்போம். ஒரு நாள் பெட்டியிலிருந்து ஒரு தலை நீளும். மற்றொரு நாள் ஒரு மெல்லிய உடல் நம் கால்களைச் சுற்றி உராய்ந்து செல்லும். அன்றுதான் அந்தப் பூனைக்கு இல்லம் கிடைத்தது என்று பொருள்.